பாலில் வெந்த சிப்பி

இந்த வீட்டில் பசு ஒரு தகர டின்னுக்குள் வசிக்கிறது. காலையில் என் மாமனார் அந்த டின்னின் தலையில் கத்திமுனையால் எதிரெதிரே இரண்டு ஓட்டை போடுவார். ஒன்று காற்று போக. இன்னொன்று, பால் என்று இங்கே எல்லோரும் மனதார நம்புகிற, தேனைவிடக் கெட்டியான ஒன்று இறங்கி வர. அதன்மேல் கறுப்புத் தேநீரை ஊற்றிக் கரண்டியால் நாலு சுற்றுச் சுற்றினால் 'தே' தயார். மிச்ச டின், எறும்புக்குப் பயந்து ஒரு தட்டுத் தண்ணீரின் நடுவில் அகழி சூழ்ந்த கோட்டை மாதிரி நிற்கும். நான் வந்த முதல் நாள் காலையில், "எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கம்மியா போடுங்க அத்தை" என்றேன். மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சீனி போடவே இல்லியே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

நான் இருப்பது மலாய் நாட்டில், கோலசிலாங்கூருக்கு வடக்கே, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் ஒன்றின் ஓரத்தில். பழைய லயங்களை இடித்துவிட்டுத் தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. கணவர் குமரன் ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். பயிற்சிக்காகத் திருச்சிக்கு வந்தார். நான் வேதியியலில் முதுகலை முடித்து அங்கே ஓர் ஆய்வகத்தில் இருந்தேன். மீதிக் கதையை நீங்களே போட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைக் கொஞ்சம் அடக்கமாகச் சொல்லக்கூடாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். முயன்று பார்த்தேன், வரவில்லை.

இங்கே 'ஊர்' என்றால் இந்தியா. இவர்களின் கொள்ளுத்தாத்தாக்கள் கப்பலேறியதும் என் மாவட்டத்துக்குப் பக்கத்திலிருந்துதான். ஆனாலும் நான் ஊர்க்காரி. ஊர்க்காரி என்றால் நிறையப் பேசுவாள், நகையை எண்ணுவாள், எல்லாவற்றுக்கும் 'எங்க ஊர்ல' என்று ஆரம்பிப்பாள். மூன்றுமே என்னிடம் உண்டு என்பதால் நான் மறுக்கவில்லை. வந்த வாரத்தில் பக்கத்து வீட்டுக்காரம்மா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "பசியாறியாச்சா?" என்றார். நாலு இட்லி தின்ற பிறகும் எனக்குப் பசி ஆறவில்லை. உண்மை பேசிப் பழகியவளாதலால், "இன்னும் இல்லைங்க" என்றேன். இங்கே பசியாறுவது என்பது காலைச் சாப்பாட்டைச் சாப்பிடுவது, அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள், ஊரிலிருந்து கொண்டுவந்த மருமகளுக்கு மாமியார் காலையில் ஒன்றும் கொடுப்பதில்லை என்று தெரு முழுக்கச் செய்தி. அத்தை அதற்காக என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

இந்த வீட்டில் என்னைவிட அதிகமாகப் பேச்சு வாங்குகிற இன்னொரு ஆள் சமீபத்தில் கிடைத்தான். பெயர் ஆ செங். பக்கத்துக் கடலோர ஊரான செகிஞ்சானில் பிறந்த சீனன். படகுத்துறையில் மீனும் சிப்பியும் வாங்கிக் குளிர்ப்பெட்டியில் அடுக்கி உணவகங்களுக்கு அனுப்புகிறவன். என் நாத்தனார் மலர் தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியில் தாதி, அதாவது நர்ஸ். சிப்பி ஓடு கிழித்த உள்ளங்கையோடு அவன் போய் நின்றபோது தையல் போட்ட இடத்தில் மலரும் இருந்திருக்கிறாள். கை ஆறிவிட்டது. மற்றது ஆறவில்லை. மலர் வீட்டில் சொன்னாள். அவனைத்தான் கட்டிக்கொள்வேன், ஆனால் அம்மா சரி என்று சொல்லாமல் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். அத்தை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல பையன்தான். யாரு இல்லேன்னா? ஆனா நம்ம ஆளு இல்லியே" என்பார் அத்தை. சொல்லும்போது கண் என் பக்கம் ஒரு முறை வந்துபோகும். குமரன் என்னைக் கூட்டி வந்தபோதும் இதே வாக்கியம் இதே சமையலறையில் சொல்லப்பட்டதாக எனக்குத் தகவல் உண்டு.

கடைசியில் ஒரு நாள் அத்தை இறங்கி வந்தார், அரைப்படி மட்டும். "வியாழக்கெழம கூட்டிட்டு வா. மறுநாள் வெள்ளி, நா சுத்தமா இருக்கணும். ஆனா ஒண்ணு. அவனுக்கு நா ஒல வைக்க மாட்டேன்." தமிழ் வீட்டில் இதைவிடத் தெளிவாக ஒருவரை வேண்டாம் என்று சொல்ல முடியாது. மலர் அழுதுகொண்டே என்னிடம் வந்தாள். இங்கே பேச்சின் வாலில் ஒட்டுகிற 'லா' அழும்போதும் விடவில்லை. "அண்ணி, நீங்க சமைங்க லா. அவன் அமெரிக்கால படிக்கறப்ப ஒரு சூப் சாப்பிடுவானாம். சிப்பியப் பால்ல போட்டு, வெண்ணெ போட்டு, கெட்டியா. அத நெனச்சுக்கிட்டே இருப்பான்."

"பால்லயா?" என்றேன். முதுகலை படித்திருந்தும் அம்மாவின் குரல்தான் முதலில் வந்தது. மீனும் பாலும் சேர்ந்தால் தோல் வெளுத்துத் திட்டுத் திட்டாக விழும் என்று அரியலூர்ப் பக்கம் என் அம்மா சொல்வாள். மீன் வாங்குகிற நாளில் மோர்ப் பானையைப் பரணில் ஏற்றிவிடுவாள். அன்று அத்தையும் அதையேதான் சொன்னார், வார்த்தை மாறாமல். அந்தக் காலத்துக் கப்பலில் இவர்களோடு என்னென்ன ஏறியதோ தெரியாது, இந்தப் பயம் பத்திரமாக ஏறி, கெடாமல் இறங்கியிருக்கிறது. நான் இருவருக்கும், அம்மாவுக்குப் போனிலும் அத்தைக்கு நேரிலும், புரதம், கொழுப்பு, அமிலம் என்று விளக்கினேன். இருவரும் கேட்டுவிட்டு, "இருந்தாலும்" என்றார்கள்.

சிப்பி எனக்குப் புதிதல்ல, ஒரு வகையில். எங்கள் காடுகளில் மழை பெய்து மண் கரைந்தால் சிப்பிகள் மேலே வரும். எல்லாம் கல். எப்போதோ கடல் இருந்த இடம் என்று கல்லூரியில் சொன்னார்கள். சின்ன வயதில் அதில் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடியிருக்கிறேன். மேல் ஓட்டை எத்தனை நாள் குத்தினாலும் திறக்காது. ஆக, ஈரமுள்ள சிப்பியை நான் முதன்முதலில் பார்த்தது அந்த வியாழக்கிழமை மாலை, ஆ செங் பின்வாசல் குழாயடியில் கொண்டுவந்து வைத்த வாளியில்தான். அவன் முன்வாசலில் வந்து கும்பிட்டபோது அத்தை கூடத்தில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை அசைத்துவிட்டு ஒலியைக் கூட்டினார். அவன் அப்படியே வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்துவிட்டான்.

"அக்கா, நா தொறக்கறேன். அக்கா கை போட வேணாம். இது கத்தி மாதிரி" என்று குந்தி உட்கார்ந்து, கையுறை மாட்டி, குட்டைக் கத்தியை ஓட்டின் மூட்டில் நுழைத்து ஒரு திருகு திருகினான். அது திறந்துகொண்டது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று கண்ணீரில் கிடந்தது. மாமனார் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலை செய்கிற யாரையும் அவரால் தனியாக விட முடியாது. "ஒங்கப்பா படகு இன்னும் ஓடுதா?", "இப்ப டீசல் எப்படி?" என்று மலாயும் தமிழுமாகப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு முக்கியமான நாளிலும் என் கணவருக்கு ஷிப்ட் விழும். அன்றும் விழுந்தது.

உள்ளே என் பாடு வேறு. இணையத்தில் தேடி எடுத்த செய்முறையில் வெண்ணெய் இருந்தது, வாங்கிவிட்டேன். ஏதோ ஒரு தழை இருந்தது. சந்தையில் சீனர்கள் சூப்பில் போடும் தழையைக் கொடுத்தார்கள், வாசனை சரியாக இருந்தது. பாலும் கிரீமும்தான் இல்லை. பால் வாங்கி வாருங்கள் என்று அன்று காலை மாமனாரை அனுப்பியிருந்தேன். அவர் பெருமையோடு டின் பால் நாலு வாங்கி வந்தார். சிப்பியைப் பாயசம் வைப்பதா என்று திகைத்துக் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். மேல்தட்டில் இரண்டு பெரிய பாட்டில். வாயில் பிளாஸ்டிக் தாள் சுற்றி ரப்பர் போட்டிருந்தது. உள்ளே பால். நிஜப் பால். மேலே ஏடு கட்டியிருந்தது.

எனக்கு அப்போது என்ன தோன்றியது என்பதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நான் ஜெயித்துவிட்டேன் என்று தோன்றியது. வந்த நாளிலிருந்து டின் பாலைப் பற்றி இந்த வீட்டில் நான் ஆற்றாத உரையில்லை. முந்தின நாள்கூட, "இது பாலே இல்லை அத்தை, சர்க்கரைப் பாகு" என்றதற்கு, "ஒனக்கு மாட்டையே கொண்டாந்து கட்டறேன், இரு" என்றார். மாட்டைக் கொண்டுவரவில்லை, பாலைக் கொண்டுவந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்ல மனமில்லாமல் மேல்தட்டில் வைத்திருக்கிறார். எவ்வளவு பெரிய மனுஷி! இரண்டு பாட்டிலையும் சட்டியில் கவிழ்த்தேன். கிரீம் இல்லாத குறைக்குப் பாலையே வற்ற வைப்பது என்று திட்டம்.

உண்மையில் பாலைப் பற்றிப் பேச எனக்கு அவ்வளவு யோக்கியதை கிடையாது. எங்கள் வீட்டில் மாடு இருந்தது. அம்மா விடியலில் கறந்த பால் அப்படியே சொசைட்டிக்குப் போகும். நாங்கள் குடித்தது கடுங்காப்பி. குவளையைக் கழுவிய தண்ணீர் கொஞ்சம் வெள்ளையாக இருந்தால் அன்றைக்கு யாருக்கோ பிறந்தநாள். ஆனால் நாடு விட்டு வந்தவளுக்கு ஒரு வசதி. விட்டுவந்த வீட்டில் பாலாறு ஓடியது என்று சொன்னால் சரிபார்க்க யாரும் வர மாட்டார்கள்.

வெங்காயமும் தழையும் வெண்ணெயில் வதங்கின. பால் பாதியாக வற்றி, கரண்டியைத் தூக்கினால் பின்பக்கம் படிகிற பதத்துக்கு வந்தது. ஆ செங் சிப்பிச் சதையைக் கிண்ணத்தில் கொண்டுவந்தான். அதன் நீரை மண் போகத் துணியில் வடிகட்டிச் சேர்த்து, தணலைக் குறைத்து, சதையை இறக்கினேன். ஓரங்கள் பாவாடைக் கொசுவம் மாதிரி சுருங்கியதும் அணைத்துவிட வேண்டும். அணைத்தேன். மிளகுத் தூளை எடுக்கத் திரும்பியபோது, அவன் கழுவு தொட்டியில் கிடந்த காலிப் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். முகம் சிப்பி நிறத்துக்கு மாறியிருந்தது.

"அக்கா," என்றான் மெதுவாக, "இந்தப் பாட்டில் மாட்டுக்கார கோவிந்தன் அண்ணன் பாட்டில் லா."

"இருக்கட்டுமே."

"கோவிந்தன் அண்ணன் வியாழக்கிழமை பால் குடுத்தா, அது சாமிக்கு. நாளைக்கு மாரியம்மாவுக்கு ஊத்தற பால்."

எனக்குச் சிரிப்பு வந்தது. செகிஞ்சான் சீனன் எனக்கு மாரியம்மனைப் பற்றிச் சொல்வதாவது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள், நாடகத்தில் விளம்பரம் வந்திருக்க வேண்டும், அத்தை தே கலக்க உள்ளே வந்துவிட்டார். வழக்கமாகக் கோவிந்தன் பாலை நேரே கோயிலுக்கே கொண்டுபோய்விடுவான். அந்த வெள்ளி அத்தையின் உபயம் என்பதால் பால் வீட்டுக்கு வந்திருக்கிறது. விடியலில் அவர் கோயிலுக்குப் போகும்போது நான் எந்த நாளும் விழித்திருந்ததில்லை. இந்த நாட்டுத் தமிழர் வீட்டில் நிஜப் பால் இருந்தால் அது சாமியுடையது, மனிதருக்கு டின் என்பது இங்கே பிறந்த சீனனுக்குத் தெரியும். அங்கே பிறந்த தமிழச்சிக்கு யாரும் சொல்லவில்லை. தெரியாத ஆள் இருக்கும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை.

அத்தை பாட்டிலைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார்.

"ரெண்டையுமா?"

"கெட்டியா வரணும்னு வத்த வச்சேன், அத்தை."

"ஆத்தாளுக்கு ஊத்தற பால்ல சிப்பியப் போட்டு வத்த வச்சியா! இதத்தான் ஊர்ல பதினேழு வருசம் படிச்சியாடி?"

பின்வாசலில் மாமனார் எழுந்து நின்றார். வேலை முடிந்து அப்போதுதான் வந்த மலர், பை தோளிலிருக்க, கதவிலேயே நின்றுவிட்டாள். ஆ செங்தான் பேசினான். "ஆன்ட்டி, கோவிந்தன் அண்ணன்கிட்ட இனிமே பால் கெடைக்காது. காலைல கறக்கறது முன்னாடியே சொன்னவங்களுக்கு. எங்கம்மா ரெண்டு பாட்டில் சொல்லி வச்சிருக்கு. அத நாளைக்கு ஆன்ட்டி எடுத்துக்கோங்க."

"ஒங்கம்மாவுக்கு என்னாத்துக்கு மாரியம்மா பாலு?"

"சின்ன வயசுல எனக்குக் காய்ச்சல் வந்து சாகப் போனேன். அம்மா இந்தக் கோயிலுக்குத் தூக்கிட்டு வந்துச்சு. அப்பறம் எப்பயும் வரும். இப்ப வேற வேண்டுதல்."

"என்னா வேண்டுதல்?"

அவன் காதுகள் சிவந்தன. மலரைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "ஆன்ட்டி வாயால சரின்னு சொல்லணும்னு."

கூடத்தில் நாடகம் திரும்ப ஆரம்பித்து யாரோ யாரையோ அறைந்தார்கள். மாமனார் தொண்டையைச் செருமினார். "அது சரி. நீ எதுக்காக இந்த வாரம் உபயம் எடுத்தே? அதையும் சொல்லு புள்ளைங்களுக்கு."

அத்தை டின் பாலை எடுக்கத் திரும்பிக்கொண்டார். மாமனார் விடவில்லை.

"நாந்தான் சொல்றனே. மலரு மனசு மாறணும், இந்தப் பையன மறக்கணும்னு. ஒரே ஆத்தா, ஒரே வெள்ளிக்கெழம, ரெண்டு பக்கமும் பாலு. பாவம், அவ என்னா செய்வா?"

ஆக, நான் வற்ற வைத்தது வெறும் பாலில்லை, எதிர் மனு. மலருக்கு எதிராக அம்மனிடம் போகவேண்டிய ஒரே மனுவில் வெண்ணெயும் மிளகும் போட்டு இறக்கியிருக்கிறேன். சிரித்தால் உயிர் தப்பாது என்பதால் அடுப்பைத் துடைத்தேன். ஆ செங் சிரிக்கவில்லை. எல்லாம் விளங்கிய பிறகு, "பரவால்ல ஆன்ட்டி" என்றான். "அந்தப் பால நீங்களே ஊத்துங்க. உங்க வேண்டுதலே சொல்லுங்க. அம்மாகிட்ட நா சொல்லிக்கறேன்."

மலர் பையைக் கீழே போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று அத்தை அந்தச் சட்டியைத் தொடவில்லை. சாமி பால் தீட்டுப்பட்டதா, இல்லையா என்பதே ஒரு பெரிய விசாரணையாக நடந்தது. மாமனார் தீர்ப்புச் சொன்னார்: "ஆத்தா தலையில ஊத்தற வரைக்கும் அது மாட்டுப் பாலுதான். போடும்மா இங்க." ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துத் தின்றார். "தோலு வெள்ளையாப் போயிடும்" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "போனா என்னா? இந்த வயசுல எவன் எனக்குப் பொண்ணு குடுக்கப் போறான்?" என்றார். நானும் சாப்பிட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், கடலும் கொட்டிலும் ஒரே வாயில் வந்தது போலிருந்தது. ஆ செங் ஒரு கரண்டி வாயில் வைத்து நெடுநேரம் விழுங்காமல் இருந்தான். "அமெரிக்கால இவ்ளோ கெட்டி இல்ல அக்கா" என்றான். அது பாராட்டா, வருத்தமா என்று இன்றுவரை கேட்கவில்லை.

மறுநாள் விடியலில் அத்தை கோயிலுக்குக் கிளம்பியபோது நானும் எழுந்து போனேன். அழைக்கவில்லை, தடுக்கவும் இல்லை. மலர் சிவந்த கண்ணோடு பின்னால் வந்தாள். தோட்டத்து மாரியம்மன் கோயில் செம்பனைகளுக்கு நடுவே இருக்கிறது. வாசலில் ஆ செங்கும் அவன் அம்மாவும் நின்றிருந்தார்கள். அந்தம்மா பூப்போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. இரண்டு கையிலும் ஒவ்வொரு பாட்டில். இரண்டையும் அத்தையிடம் நீட்டினார். அத்தை ஒன்றை மட்டும் வாங்கினார். மற்றதை அவர் கையிலேயே தள்ளி வைத்து, "சத்து சத்து லா" என்றார். மலாயில் ஒன்றொன்று என்று அர்த்தம். அவ்வளவுதான் பேச்சு. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாட்டிலைக் குருக்களிடம் கொடுத்தார்கள். அவர் இரண்டையும் ஒரே செம்பில் ஊற்றினார். கறுத்த கல்லின் தலையிலிருந்து பால் இறங்கியது. அத்தை கண்ணை மூடி என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது.

பிறகு அர்ச்சனை. குருக்கள் வேதாரண்யம் பக்கத்து ஆள், வேலை அனுமதியில் வந்திருக்கிறவர். அந்தக் கோயிலில் என்னைத் தவிர இருந்த ஒரே ஊர்க்காரர். "பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். அத்தை வீட்டார் பெயரை வரிசையாகச் சொன்னார். மாமனார், சுவாதி. குமரன், ரோகிணி. மலர்விழி, பூசம். கொஞ்சம் நிறுத்தினார். அம்மனைப் பார்க்காமல், எங்களையும் பார்க்காமல், பக்கத்துத் தூணைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆ செங்."

மலர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது.

குருக்களும் ஒரு கணம் தயங்கினார். "நட்சத்திரம்?"

"ஆயில்யம்" என்றார் சீன அம்மா, பளிச்சென்ற தமிழில். காய்ச்சலில் தூக்கி வந்த அன்று அப்போதிருந்த பூசாரி பஞ்சாங்கம் பார்த்துச் சொன்னதாம். ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அத்தைக்கும் தெரியும். நெற்றியில் ஒரு முறை கை வைத்துக்கொண்டார். ஆனால் பெயரைத் திரும்ப வாங்கவில்லை.

"மருமக, செல்வி" என்றார் அடுத்து.

"நட்சத்திரம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நட்சத்திரம் கிடையாது. எங்கள் வீட்டில் பெண் பிறந்த நேரத்தை யாரும் பார்க்கவில்லை. சேர்க்கும்போது தலைமையாசிரியர் பாதி வகுப்புக்குக் கொடுத்த ஜூன் முதல் தேதியைத்தான் எனக்கும் கொடுத்தார். அதுதான் கடவுச்சீட்டு வரை வந்திருக்கிறது. தனிமங்களின் அட்டவணையை ஒப்பிக்கச் சொல்லியிருந்தால் ஒப்பித்திருப்பேன். குருக்கள் தட்டோடு காத்திருந்தார். கற்பூரம் குறைந்துகொண்டிருந்தது.

"இவளுக்கும் ஆயில்யமே போடுங்க சாமி," என்றார் அத்தை. "எனக்கு ரெண்டும் ஒண்ணாவே இருக்கட்டும்."

வேதாரண்யத்துக்காரர் ஒரே மூச்சில், ஒரே நட்சத்திரத்தில், செகிஞ்சான் சீனனையும் அரியலூர்க்காரியையும் சேர்த்துச் சொல்லி அம்மன் காலில் பூவைப் போட்டார். கோயில் வாசலில் செருப்பைத் தேடும்போதே அம்மாவை அழைத்தேன். அங்கே இன்னும் இருட்டு. மாட்டுக் கொட்டிலிலிருந்து பேசினாள்.

"அம்மா, நான் எந்த நட்சத்திரம்?"

"யாரு கண்டா? அன்னைக்குக் கல்லங்காட்டுல கடல புடுங்கிக்கிட்டிருந்தோம். ஏன்?"

"இங்க ஆயில்யம்னு போட்டுட்டாங்க."

"அடிப்பாவி! மாமியாருக்கு ஆகாதுடி! ஒடனே போயி மாத்தச் சொல்லு."

"மாமியார்தாம்மா போட்டாங்க."

பால் குவளையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அம்மா சொன்னாள்: "அப்ப சரி. அங்கேயே இரு."